முன்னவர் நீட்டிய கோப்பை

அன்று காலை மூதாதையர் கோவிலில் இருந்தவர்கள்: ஷூன் நாட்டு மன்னர் யூ, எங்கள் குலத் தலைவர் ஸி காவ், ஃபான் குலத் தலைவர் லியாங், பூசாரி துவான், இறந்த மன்னரின் ஆடையில் ஆசனத்தில் அமர்ந்திருந்தவர். வேறு யாரும் இல்லை.

படையல் நாளில் பேரன் ஒருவன் இறந்தவராக அமர்ந்து உண்பது எங்கள் வழக்கம். அன்று யூவின் மகன் ஜியா அமர்வதாக ஏற்பாடு. கிரீடத்திலிருந்து தொங்கிய மணிச்சரங்கள் முகத்தை மறைத்தன. ஆனால் கறியை எடுத்தது இடது கை. ஜியா வலக்கைக்காரன். இடது கையால் உண்டவர் இறந்த மன்னர், யூவின் தந்தை.

"பிள்ளை தாத்தாவ நல்லாத்தான் கவனிச்சு வெச்சிருக்கு," என்று சிரித்தார் லியாங்.

யூவால் சிரிக்க முடியவில்லை. பூசை முடிந்ததும், இரு குலங்களின் கோட்டை மதில்களையும் இடிக்கும் ஆணையை அவர் தந்தையின் முன் வாசிக்க வேண்டும். அதே ஆணையை எழுதிய தந்தை எங்கள் வீட்டு விருந்தில் குடித்தார், பிறகு எழவில்லை. வயது என்றோம். யூ நம்பவில்லை.

தினை மதுவின் புளிப்புக்கும் ஆட்டுக் கொழுப்பின் புகைக்கும் அடியில், மழையில் ஊறிய மண்ணும் மட்கிய மரமும் கலந்த வாடை ஒன்று ஆசனத்திலிருந்து மெல்ல இறங்கி, மண்டியிட்டிருந்த யூவின் முகத்தருகே வந்து நின்றது. மெல்லும் ஓசை. பற்கள் இல்லாத வாயின் ஓசை.

ஆசனத்திலிருந்து கோப்பை நீண்டது.

முன்னோர் தரும் கோப்பையை மறுப்பவன் மகனல்ல. மகனல்லாதவன் மன்னனும் அல்ல.

"வாங்கிக்குங்க மகாராஜா. அப்பா குடுக்கறாரு," என்றார் ஸி காவ். "வேணாம்னா சொல்லிடுங்க. ஜியா தலைக்கு கிரீடம் சரியாத்தான் இருக்கு."

கோப்பையைப் பிடித்த விரல்கள் ஈரமாக இருந்தன. நகங்களில் மண்.

"ஜியா?"

மணிச்சரங்கள் அசையவில்லை. அவற்றின் பின்னாலிருந்து, தந்தையின் குரல்.

"நான் குடிச்சேன்லடா. நீயும் குடி."

குடித்தார். சரிந்தார். ஆணை மடியிலேயே கிடந்தது. மெல்லும் ஓசை நிற்கவில்லை.

மகனே விஷம் கொடுத்தான், கலந்தது ஸி குலம் என்று சந்தையில் பேசுகிறார்கள். தவறு. கோப்பையில் மிஞ்சியதை ஸி காவ் அங்கேயே குடித்துக் காட்டினார், நெடுநாள் வாழ்ந்தார். இன்றைய மன்னர் ஜியா அன்று கோவிலுக்குப் போகவே இல்லை. விடியலிலிருந்து எங்கள் வீட்டில், காய்ச்சலில், என் கண்முன் படுத்திருந்தார்.