இரண்டு கேன் கடல்

கடையில் கடல்மீன் தொட்டிக்குக் கரைக்கும் உப்பு தீர்ந்துவிட்டதால், இந்த முறை கணவன் கடலுக்கே காரை எடுத்துக்கொண்டு போய் இரண்டு கேன் தண்ணீர் அள்ளி வந்திருந்தான். விடுமுறை நாள் பிற்பகல். வெளியே மழை இருட்டிக்கொண்டு நின்றது.

கூடத்தின் ஒரு சுவரையே அடைத்து நின்ற அந்தக் கண்ணாடித் தொட்டி அவளுடைய கொழுந்தன் ஆசைப்பட்டு வைத்தது. கடலில் நீந்தப் போனவன் போன வருடம் திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதன்பிறகு கணவன் தொட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பியதே கிடையாது. வாயில்லா ஜீவன்களைச் சாகவிட மனம் வராமல் அவள்தான் தண்ணீர் மாற்றக் கற்றுக்கொண்டாள். “அண்ணிகிட்ட மீனைக் கொடுத்தா நேரா அடுப்புக்குத்தான் போகும்” என்று கிண்டல் செய்தவனின் மீன்கள், அவள் கையில்தான் பிழைத்துக் கிடந்தன.

கேனுக்குள் விரலை விட்டவள் சட்டென்று இழுத்துக்கொண்டாள். பனிக்கட்டியாகக் குளிர்ந்தது.

“எங்க எடுத்தீங்க?”

“கடல்லதான்.”

“கடல்ல எந்த இடம்னு கேக்குறேன்.”

அவன் ஈரச் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னான். “அந்தப் பாறைகிட்ட. அங்கதான் தண்ணி தெளிவா இருந்துச்சு.”

அவளுக்குச் சுருக்கென்றது. கொழுந்தனின் செருப்பு கிடந்த பாறை. இரண்டு மணி நேரம் காரோட்டி வந்த மனிதனிடம் என்ன சொல்வது? 

கேன்களில் ஹீட்டரைப் போட்டுச் சூடாக்கினாள். உப்பு சரியாக இருந்தது. தொட்டி மோட்டாரை அணைத்துவிட்டு, குழாயை மணலில் அழுத்தி, அழுக்கோடு பழைய தண்ணீரை வாளிகளில் இறக்கினாள். எடுத்த அளவுக்கே புதிதை ஊற்ற வேண்டும். கண்ணாடியில் அதற்கென்று ஒரு கோடு போட்டிருந்தாள்.

முதல் கேன் முழுதாக இறங்கியது. இரண்டாவதில் பாதிகூட ஊற்றவில்லை, தண்ணீர் கோட்டைத் தொட்டுவிட்டது.

கை நின்றது. அவள் ஊற்றுவதை நிறுத்திய பிறகும் தண்ணீர் ஏறியது.

நிரம்பிய தொட்டிக்குள் ஓர் ஆள் மெல்ல இறங்கி உட்கார்ந்தால் எப்படி ஏறுமோ, அப்படி. விளிம்பைத் தாண்டி வழிந்து அவள் பாதத்தை நனைத்தது. கூடமெங்கும் பாசி வாடை.

மீன்கள் ஒளியவில்லை. அதுதான் அவளை நடுங்க வைத்தது. எல்லாமே பாறை இடுக்குகளிலிருந்து வெளியே வந்து, தொட்டியின் நடுவே வெறும் தண்ணீரைச் சுற்றி மொய்த்தன. அங்கே ஏதோ இருப்பதுபோல் கொத்தின.

மோட்டார் அணைந்துதான் இருந்தது.

ஆனாலும் அந்த வெற்றிடத்திலிருந்து ஒரு குமிழி எழுந்தது.

பிறகு இன்னொன்று.

கண்ணாடியின் உட்புறம் படிந்திருந்த மெல்லிய பாசியை ஏதோ தேய்த்தது. முதலில் உள்ளங்கை. பிறகு ஐந்து விரல்கள்.

“என்னங்க…” உள்ளறையை நோக்கிக் கூப்பிட்டாள். “இங்க வாங்க.”

துண்டோடு வந்த கணவன் பார்த்தான். ஓடவில்லை, கத்தவில்லை. கண்ணாடிக்கு அருகே போய், அந்தத் தடத்தின் மேல் தன் கையை வைத்தான். முகம் வெளிறிப் போயிருந்தது.

“தம்பிதான்” என்றான் மெதுவாக. “மூச்சு முட்டுது அவனுக்கு.”

“கையை எடுங்க.”

“பாரு, எப்படித் தவிக்கிறான்…”

“எடுங்கன்னு சொல்றேன்ல!” அவன் கையை வலுக்கட்டாயமாகப் பிடுங்கினாள். “உங்க தம்பிதான், சரி. ஆனா இது அவர் இருக்கிற இடமில்ல. கொண்டுபோய் விட்டுட்டு வந்துடலாம்.”

அவன் குழந்தைபோல் தலையாட்டினான்.

குழாயைப் போட்டு, முதல் கேனை மறுபடி நிரப்பினார்கள். மட்டம் ஒரு நூல்கூட இறங்கவில்லை. மீதித் தண்ணீர் கிடந்த கேனையும் நிரப்பினார்கள். அது விளிம்பைத் தொட்ட நொடியில், தொட்டித் தண்ணீர் மொத்தமாகச் சரிந்து கோட்டுக்குக் கீழே போய் நின்றது. மீன்கள் கலைந்து ஓடின.

இருவருமாகத் தூக்கியும் அந்தக் கேன்கள் லேசில் அசையவில்லை.

பாறையை அடைந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கணவன்தான் ஊற்றினான். கடைசிச் சொட்டு வரை கவிழ்த்துவிட்டு, வெகுநேரம் அலையைப் பார்த்து நின்றான். பிறகு உடைந்து அழுதான். ஒரு வருடமாக அழாத அழுகை. அவளும் தடுக்கவில்லை. அழுது முடித்ததும் அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

காலிக் கேன்களை டிக்கியில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். வழியெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. அவளுக்கும் மார்பிலிருந்து பாறாங்கல் இறங்கியது போலிருந்தது. “வீட்டுக்குப் போனதும் சூடா ஏதாவது குடிக்கணும்” என்றாள். அவன் சிரித்தான்.

பெரிய சாலைக்குத் திரும்பியதும் காரில் எச்சரிக்கை மணி ஒலிக்க ஆரம்பித்தது.

டிங். டிங். டிங்.

அவள் தன் சீட் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தாள். போட்டிருந்தாள். அவனும் போட்டிருந்தான்.

எதிரே டாஷ்போர்டில், யாரோ பெல்ட் போடவில்லை என்று காட்டும் சின்ன உருவம் சிவப்பாக மின்னியது. பின் இருக்கைக்கானது.

இருவரில் யாரும் திரும்பவில்லை.

டிங். டிங்.

கணவன் சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல், வறண்ட குரலில் சொன்னான்.

“பெல்ட்டைப் போடுடா.”

பின்னால் ‘க்ளிக்’ என்றது.

சத்தம் நின்றது.