ஈரக் கல்

இரவெல்லாம் தண்ணீரில் ஊறிய கல், காலையில் தொட்டால் வறண்டிருந்தது. டிரம் நிறைய ஊற்றிய தண்ணீரில் ஒரு சொட்டுகூட மிச்சமில்லை. ஓட்டையோ என்று ஷுவாய் அடியில் தடவிப் பார்த்தாள். கீழே மண் காய்ந்து கிடந்தது.

கல் என்றால் வெறும் கல் இல்லை. கண் மூடிய ஒரு பெண்ணின் தலை. செதுக்கியவள் நியாரட்ஸோ, ஷுவாயின் கொழுந்தன் பெண்டாட்டி. உளி பிடித்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் குருவே ஊர் முழுக்க அவள் பேச்சுத்தான். நாளைக்கு ஹராரேயிலிருந்து வருகிறவர்கள் கண்காட்சிக்கு இந்தப் பட்டறையிலிருந்து ஒரே ஒரு சிலையை எடுப்பார்கள். இருபது வருஷம் கல்தூசு தின்ற ஷுவாய்க்கு வயிறு எரியாதா பின்னே?

மூன்று நாள் முன்னால், பிறந்த வீட்டில் சாவு என்று கிளம்பும்போது நியாரட்ஸோவே வந்து கேட்டாள்.

"அக்கா, கழுவி வெயில்ல வச்சிருக்கேன். நல்லா காய்ஞ்சதும் நீயே சூடு காட்டி மெழுகு பூசிடு. உன் கைப்பக்குவம் எனக்கு ஏது?"

"போடி, ஐஸ் வைக்காதே."

சுட்டு மெழுகு தேய்த்தால்தான் சாம்பல் நிறக் கல் கருகருவென்று மின்னும். ஆனால் உள்ளே ஈரம் இருந்தால் நெருப்பில் படீரென்று வெடித்துவிடும். கல் சரியாகக் காயவில்லை போல என்று ஊரிடம் சொல்லிக்கொள்ளலாம். அதற்குத்தான் டிரம்.

தண்ணீர் எங்கே போனால் என்ன, கல்லுக்குள்தானே போயிருக்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, தலையைச் சுற்றி விறகடுக்கிப் பற்றவைத்து, புகையில் கண் கரிக்கக் கரிக்க, எப்போது வெடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெடிக்கவில்லை. உச்சிவெயில் ஏறியது. விறகுச் சடசடப்புக்கு நடுவே யாரோ மடக் மடக்கென்று தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

அவளுக்குத் தொண்டை வறண்டது. ஒரு செம்பு குடித்தாள். இன்னொரு செம்பு. நாக்கு நனையவே இல்லை. வாயில் கல்தூசு ருசி.

"வெடிச்சுத் தொலையேன், சனியனே!"

கம்பால் விறகைத் தள்ளிவிட்டாள். தலையின் கன்னத்தில் தீ நக்கியது. சுரீரென்றது.

அவள் கன்னத்தில்.

கையை எடுத்துத் தடவப் போனாள். கை வரவில்லை. கை இல்லை. கழுத்துக்குக் கீழே எதுவுமே இல்லை. சுற்றிலும் நெருப்பு. உள்ளே, மண்டைக்குள்ளே, டிரம் தண்ணீர் முழுக்கத் தளும்பியது. சூடேறியது.

வாசலில் பிக்கப் வண்டி வந்து நின்றது.

"அக்கா! வேலை முடிஞ்சுதா?"

ஷுவாய் கத்தினாள். உதடு அசையவில்லை.

தீக்கு அந்தப் பக்கம் அவளுடைய உடம்பு எழுந்து நின்றது. பாவாடைத் தூசியைத் தட்டியது. அவள் குரலிலேயே பேசியது.

"இன்னும் ஈரம் போகலடி. நல்லா எரியணும்."

"இரு, நான் விறகு போடறேன்."

"வேண்டாம், நீ தள்ளி நில்லு. வெடிச்சாலும் வெடிக்கும்."

இருபது வருஷம் உளி பிடித்துக் காய்த்துப்போன அவளுடைய சொந்தக் கைகள், அவசரமே இல்லாமல், ஒவ்வொரு விறகாக அவள் கன்னத்தோடு சேர்த்து அடுக்கின.