வலக்கையின் ஓவியம்

காய்ச்சலில் கிடந்த எக்பெர்ட் தூரிகையைத் தொட்டு நாளாகியிருந்தது. ஆனாலும் அந்த டிரெஸ்டன் நகர மாடியறையில், அடுப்புக்கரி நாற்றத்தையும் மீறி, புதிதாகக் குழைத்த வண்ணத்தின் எண்ணெய் வாசம் மூக்கைத் துளைத்தது. கித்தானைத் தொட்டுப் பார்த்தான். அவன் இடக்கையால் தொடங்கிய சுயசித்திரம், பச்சை முகமும் சிவந்த வானமுமாக, நன்றாகவே காய்ந்திருந்தது.

அக்கா ஒட்டீலி டர்னிப் கிழங்கு சூப்போடு வந்தாள்.

"யாருடா இது, தவளையா?"

"நான்தான்."

"பரிசு வாங்குன படத்தைத் திருப்பிப்போட்டு அது முதுகுல கிறுக்குறியே! அதை வரைஞ்ச கை இருந்திருந்தா அழுதிருக்கும்."

"சண்டை முடியறவரைக்கும் புதுக் கித்தான் எங்க கிடைக்கும்? அதுவுமில்லாம அது என் கையே இல்லக்கா. வாத்தியாரோட கை."

பிறவி இடக்கைக்காரன் அவன். பள்ளியில் இடக்கையை நாற்காலியோடு கட்டிப்போட்டு, பிரம்பால் அடித்து வலக்கையைப் பழக்கினார்கள். அந்தக் கைதான் ஓவியக் கல்லூரியில் நல்ல பெயர் வாங்கியது, சல்யூட் அடித்தது, துப்பாக்கி பிடித்தது. பிளாண்டர்ஸ் போர்க்களச் சேற்றில் தோளோடு பிய்ந்து போனதும் அதுதான்.

"அந்தக் கை அங்கேயே அழுகிப்போகட்டும்" என்றான். அக்கா முகம் வெளுத்துப்போய்ப் படியிறங்கினாள்.

வெளிச்சம் மங்கியபோது கித்தானின் மறுபக்கத்திலிருந்து சத்தம் கேட்டது. பன்றிமயிர்த் தூரிகை துணியில் உரசும் சத்தம், அவசரமில்லாமல், கல்லூரியில் சொல்லிக்கொடுத்த அதே ஒழுங்கோடு. அந்தத் தாளம் அவனுக்கு அத்துப்படி. சுற்றிப் போய்ப் பார்த்தான்.

பரிசு வாங்கிய அந்த ஆற்றங்கரை ஓவியத்தில் இப்போது ஒரு சிப்பாய் கிடத்தப்பட்டிருந்தான். எக்பெர்ட்டின் முகம். மூடிய கண்கள். சட்டைப் பொத்தான்வரை அத்தனை அழகு. மார்பின்மேல் இரண்டு கைகள். இடது மணிக்கட்டில், யாருமே இல்லாமல், ஒரு கயிறு வரையப்பட்டுக்கொண்டிருந்தது.

ஒரு சுற்று.

அவன் விரல்கள் மரத்தன.

இன்னொரு சுற்று. இடக்கை தொங்கிப்போனது.

பயத்தைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது.

"மறுபடியும் கட்டுறியா? கட்டுடா, கட்டு!"

முன்பக்கம் ஓடினான். தூரிகையைப் பல்லால் கவ்வினான். சிவப்பில் முக்கினான். பச்சை முகத்தின்மேல் ஓங்கி இழுத்தான்.

மறுபக்கத்தில் சத்தம் நின்றது.

துணி புடைத்தது. உள்ளிருந்து ஒரு வலக்கையின் ஐந்து விரல்கள். தள்ளின. நூல்கள் தெறித்தன. சேறு வடிந்தது.

அவன் விலகவில்லை. பற்கள் நறநறக்க, ஒவ்வொரு விரலாக, நகம்வரைக்கும், சிவப்பு பூசிக்கொண்டே இருந்தான்.