முதல் ஓட்டம்

காலையில் போன் அடித்தது.

கராஜில் சீனிமுகம்மதுவின் கை முழுக்கக் கிறீஸ். முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டார்.

பேசியது மிஹ்லார். மனைவியின் தம்பி, கராஜில் கூட வேலை செய்பவன்.

"மச்சான்... ஸிராஜ் மவுத்தாகிட்டான்."

"எந்த ஸிராஜ்?"

"கார்க்கார ஸிராஜ். ஒலுவில் ரோட்டு வளைவில பின் சில்லு கழண்டு கார் பிரண்டிட்டு."

சீனிமுகம்மது அப்படியே நிலத்தில் உட்கார்ந்தார்.

ஸிராஜைவிட வயதில் மூத்த கார் அது. சிவப்பு நிற இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். நேற்று அதன் பின் சக்கரங்களைத் தாங்கும் அப்ரைட் இரண்டையும் கழற்றி, துருவேறிய பேரிங்கை இடித்து வெளியே தள்ளி, புதுசு இறக்கிப் பூட்டுவதற்குள் மனுஷனுக்கு முதுகே போய்விட்டது.

இப்போது ஓர் உயிரும் போய்விட்டது!

பகலில் இன்ஸ்பெக்டர் மதுஷன் வந்தார். கூடவே மிஹ்லார். அவன் சட்டையெல்லாம் ஸிராஜின் இரத்தம். ஓட்டோவில் மடியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியவன் அவன்தான். ஊரே அவனைப் புகழ்ந்துகொண்டிருந்தது.

"சில்லு நட்டு கழராம குறுக்கால ஒரு இரும்புப் பின் போடணுமே, சீனிமுகம்மது நானா. அது இல்ல. போட மறந்திட்டீங்களா?"

"போட்டன், சேர்."

"நல்லா ஞாபகம் இரிக்கா?"

சீனிமுகம்மது தன் கைகளைப் பார்த்தார். களைத்துப்போன மனுஷன் எதைத்தான் சத்தியம் பண்ணுவது?

மிஹ்லார் குனிந்து காதோடு கதைத்தான்.

"மறந்திட்டன் எண்டு சொல்லுங்க, மச்சான். வயசாகிட்டுத்தானே. கவனக்குறைவு எண்டு முடிச்சிருவாங்க."

"மறியல் கிடைக்குமா, சேர்?"

"கிடைக்கும். கராஜும் பூட்டுத்தான்."

கிடைக்கட்டும். சிறையிலாவது கொஞ்சம் படுக்கலாம். அவர் தலையாட்டப் போனார்...

"ஓட்டிப் பாக்காமலா கார குடுத்தீங்க?" என்றார் மதுஷன்.

"நான் குடுக்கல்ல. எந்த வண்டியையும் நான் முதல்ல ஓட்டிப் பாத்துத்தான் குடுப்பன். இண்டைக்குக் காலம ஓட்ட இருந்தன். நான் வாறதுக்குள்ள ஸிராஜ் ஆசையில எடுத்திட்டுப் போயிட்டான்."

மதுஷன் மிஹ்லார் பக்கம் திரும்பினார்.

"கார் போன உடனே நீங்க மோட்டார்சைக்கிள்ல துரத்திப் போயிருக்கீங்க. வழியில நிந்தவூர்ல கை காட்டிக் கத்தினீங்களாம். கடைக்காரர் கண்டிரிக்காங்க."

"ஓம். நிப்பாட்டத்தான்..."

"என்னத்துக்கு?"

மிஹ்லார் சட்டையில் இருந்த இரத்தத்தைத் தேய்க்கத் தொடங்கினான்.

"சில்லு கழரும் எண்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?"



சீனிமுகம்மதுவுக்கு மெல்ல விளங்கியது. நேற்று அவர் வீட்டுக்குப் போன பிறகு யாரோ பின்னை உருவி, நட்டை இளக்கியிருக்கிறார்கள். காலையில் அந்தக் காரில் முதலில் ஏறியிருக்க வேண்டியவர்...

அவர்தான்!

"அது எனக்கு வெச்சதா, மச்சான்?"

மிஹ்லார் அழத் தொடங்கினான்.

"கை கால் முறிஞ்சா கராஜ விட்டிருவீங்க எண்டுதான்... என்ட காணி பின்னால கிடக்கு. முன்னால உள்ள இந்தக் கராஜ் காணியும் சேர்ந்தாத்தான் ஹோட்டல்காரன் வாங்குவானாம். இது ராத்தா கல்யாணத்துக்குக் கொண்டுவந்த சீதனக் காணி. நீங்க கராஜ் நடத்துற வரைக்கும் அவ விக்கமாட்டா."

"அதுக்கு ஒரு புள்ளைய..."

"அவன் எடுப்பான் எண்டு எனக்குத் தெரியாது, மச்சான். காப்பாத்தத்தான் துரத்தினன்."

அது உண்மை. ஆனாலும் சீனிமுகம்மதுவுக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. கை எழவில்லை.

மதுஷன் விலங்கை மாட்டினார்.

"மச்சான்..." என்றார் சீனிமுகம்மது சோர்வாக. "இந்தக் காரோட கராஜ மூடப்போறன். முதுகு ஏலா. காணிய உங்கட ஹோட்டல்காரனுக்கே குடுப்பம் எண்டு நேத்துத்தான் உங்கட ராத்தாவும் நானும் முடிவெடுத்தம்."

விலங்கிட்ட கையால் மிஹ்லார் அவரது சட்டையைப் பிடித்தான்.

"ஏன்... ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"இண்டைக்குக் கார ஓட்டிப் பாத்திட்டு வந்து சொல்லுவம் எண்டு இருந்தன்."