ஏழு சட்டைப் போர்வை

தைத்துக் கொடுத்த பதினோராம் நாள் திரும்பி வந்தபோது அந்தப் போர்வை பாதி நனைந்திருந்தது.

மழையில் நனைந்தால் திட்டுத் திட்டாக நனையும். இது அப்படி இல்லை. பேச்சிராஜா மடிப்பைப் பிரித்து முன்னறைத் தரையில் விரித்தான். வலப்பக்கம் காய்ந்து கிடந்தது. இடப்பக்கம் மட்டும், தோள் அகலத்துக்கு விரிந்து கால்மாட்டில் குறுகி, ஓர் ஆள் படுத்தால் எவ்வளவு இடம் பிடிப்பானோ அவ்வளவு ஈரம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு.

"துவைச்சிக் குடு தம்பி" என்றாள் பிரகாசி. வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை.

"வீடு ஒழுகுதாக்கா?"

"இல்ல."

"பின்ன?"

பிரகாசி தெருவைப் பார்த்தாள். யாரும் இல்லை. இருந்தும் குரலைத் தாழ்த்தினாள். மாதா கோயிலில் சாமியாரிடம் செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிற குரல்.

"அவரு வந்துட்டாருப்பா."

"யாரு?"

"யாருன்னு கேக்க? என் வீட்டுக்காரருதான். விளக்கணச்சா வாராரு. வந்து பக்கத்துல படுக்காரு. நாலு மாசமா எத மாதாகிட்ட அழுது கேட்டேனோ, அது நடந்துட்டு. ஆனா…" முந்தானையை இழுத்து மணிக்கட்டை மூடினாள். "இந்தப் போர்வையில வேற ஆம்பள வாடை அடிக்காம். எவன் வந்து படுத்தான்னு கேக்காரு. பதினெட்டு வருசம் குடும்பம் நடத்துனவள, தம்பி. என்னயப் பாத்து."

மூடுவதற்கு முன் அவன் அந்தக் கையைப் பார்த்துவிட்டான். வெகுநேரம் தண்ணீரில் ஊறினால் தோல் வெளுத்துச் சுருங்குமே, அதுபோல நான்கு விரல் தடம்.

வேறு யாராக இருந்தாலும், பாவம், புருசனைப் பறிகொடுத்தவள், புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து ஒரு டம்ளர் காப்பி கொடுத்து அனுப்பியிருப்பார்கள். பேச்சிராஜாவுக்கு அந்த வசதி இல்லை. போர்வையில் எவன் வாடை அடிக்கிறது என்பது அவனுக்குத் தெரியும்.

பேச்சிராஜா மெக்கானிக்கல் இன்ஜினியர். அதற்கான சான்றிதழ் பீரோவில் பத்திரமாக இருந்தது. அதை யாரும் எடுத்துக் காட்டச் சொல்லாததால், முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷினைப் போட்டு ஜாக்கெட் கைகளில் மயில் போட்டுக்கொண்டிருந்தான். போல்டன்புரத்தில் அவனுக்குப் பூ இன்ஜினியர் என்று பெயர். குழந்தைகளின் பழைய சட்டைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒட்டி, நடுவில் பஞ்சு விரிப்பு வைத்துத் தைத்த போர்வைகள் நன்றாக ஓடின. அப்படி ஒன்றை யார் வீட்டிலோ பார்த்துவிட்டுத்தான் பிரகாசி திரேஸ்புரத்திலிருந்து தேடி வந்தாள். கையில் இறுக்கி முடிச்சுப் போட்ட கறுப்புப் பாலிதீன் பை.

அவள் புருசன் பர்னபாஸ் கடலுக்கடியில் சங்கு குளிக்கப் போனவர். போனவர் மேலே வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் புதைக்க ஒன்றும் இல்லாததால் பூ வைக்க ஓர் இடமும் இல்லை. கொடியில் அழுக்காகத் தொங்கிய ஏழு சட்டைகள் மட்டும் மிச்சம்.

"ஒன்னே ஒன்னு தம்பி. துவைச்சிராத. அவரு வாசனை அதுலதான் இருக்கு" என்றாள்.

"சரிக்கா" என்றான் பேச்சிராஜா. அப்போது அவன் பாபினில் சிக்கிய நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

இந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. பழைய துணி எதுவானாலும் துவைத்துவிட்டுத்தான் கத்தரி வைக்க வேண்டும். ஒரு துணி சுருங்கும், ஒன்று சுருங்காது, ஒன்று சாயம் விடும். தைத்த பிறகு துவைத்தால் போர்வை யானை முழங்கால்போல் ஆகிவிடும். மறுநாள் காலையில் பையின் முடிச்சை அவிழ்த்தது அவன் கை. ஏழையும் வாஷிங் மெஷினில் போட்டது கை. நீல மூடியில் வாசனைத் திரவம் ஊற்றியதும் கைதான். புத்தி ஒரு மணி நேரம் கழித்து, மெஷின் கதவைத் திறக்கும்போது வந்து சேர்ந்தது. சங்கு குளிக்கிறவரின் ஏழு சட்டைகளும் லாட்ஜ் குளியலறைபோல மணத்தன.

'அக்கா, தப்புப் பண்ணிட்டேன்' என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்துக்குப் பயந்து அவன் ஏழு நாள் பாடுபட்டான். நாளுக்கு ஒரு சட்டையாக, பர்னபாஸின் சட்டைகளைத் தானே போட்டுக்கொண்டான். கழுத்தில் தேங்காய் எண்ணெய். உச்சி வெயிலில் மொட்டைமாடிப் படியில் ஏறி இறங்கி வியர்வை. பழக்கமில்லாத பீடி.

"என்னல பேச்சி, பீடில எறங்கிட்ட?" என்றான் எதிர்வீட்டுச் சங்கரபாண்டியன். "நீ தைக்கிற மயிலு ஏதும் மனசு நோகப் பேசிட்டா?"

ஏழாம் நாள் சாயங்காலம் கடைசிச் சட்டையோடு கடலில் கழுத்தளவுக்கு இறங்கி நின்றான். உப்புத்தண்ணீர் இல்லாமல் சங்குக்காரர் வாசனை ஏது? அலை இல்லை. அப்போது தண்ணீருக்கடியில் சட்டையின் கீழ்முனையை ஏதோ பிடித்தது. இழுக்கவில்லை. ஜவுளிக்கடையில் துணியை இரண்டு விரலுக்கிடையே வைத்துத் தரம் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தது. பிறகு விட்டது. பாசியாக இருக்கும் என்று அவன் கரையேறினான். அந்த இடத்தில் பாசி கிடையாது.

வெட்டித் தைத்து, நடுவில் எம்பிராய்டரியில் ஒரு வலம்புரிச் சங்கும் போட்டுக் கொடுத்தான். பிரகாசி வாங்கியதும் முகத்தை அதில் புதைத்துக்கொண்டாள். நிமிரவே இல்லை. "அவரேதான். அவரேதான் தம்பி" என்று உள்ளிருந்தே சொன்னாள். முன்பின் தெரியாத ஒரு பொம்பளை தன் அக்குள் வியர்வையில் முகம் வைத்து அழுவதை, நன்றி வாங்குகிற முகத்தோடு அவன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது அந்தப் போர்வை தரையில் கிடந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்த அவன் மனைவி உமாராணி அதைக் குனிந்து எடுத்தாள். எடுத்தவள் நின்றாள்.

"ஏங்க. இதுல உங்க வாடைல்லா அடிக்கு?"

"தச்சவன் வாடை கொஞ்சம் இருக்கத்தான செய்யும்."

"கொஞ்சமா?" உமாராணி அவனைப் பார்த்தாள். "ஆறு வருசமா பக்கத்துல படுத்துக் கெடக்கேன். எனக்குத் தெரியாதா? இது யாரு வீட்டுப் போர்வை?"

அவன் பாபினை மாற்றக் குனிந்தான். அவள் போர்வையை நாற்காலியில் போட்டுவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். சண்டை போட்டிருந்தால் தேவலை.

ஒட்டுப்போர்வையைத் துவைக்க ஒரு முறை இருக்கிறது. எம்பிராய்டரி உட்பக்கம் வருகிற மாதிரி மடிக்க வேண்டும், பச்சைத்தண்ணீர்தான், மெதுவான சுற்றுதான். எல்லாம் முறைப்படி செய்துவிட்டு பேச்சிராஜா மெஷினின் வட்டக் கண்ணாடிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். வெளியே ஐப்பசி மழை ஓட்டுச் சாய்ப்பில் அரிசி கொட்டுவதுபோல விழுந்தது, மெஷினுக்குள் தண்ணீர் களக் களக் என்று புரண்டது, சோப்பு நுரையில் கோடு போட்ட துண்டும் கட்டம் போட்ட துண்டும் முகம் காட்டி முகம் காட்டி மறைந்தன, கொஞ்ச நேரத்தில் இரண்டு தண்ணீர்ச் சத்தமும் ஒன்றாகி, எது வெளியே எது உள்ளே என்று தெரியாமல் போயிற்று. அவனுக்குக் கண் சொருகியது.

நுரைக்குள் ஒரு சட்டைக் கை வந்து போனது.

நீலக் கோடு போட்ட முழுக்கை. மணிக்கட்டுப் பொத்தான் போட்டிருந்தது. அவன் நிமிர்ந்தான். போர்வையில் கை கிடையாது. ஏழு சட்டைகளின் கைகளையும் வெட்டித் துண்டாக்கி அவனேதான் தைத்திருந்தான்.

மெஷின் சுற்றியது. கை மறுபடி வந்தது. சும்மா துணியாக இல்லை, உள்ளே ஏதோ நிறைந்து உருண்டையாக இருந்தது. கண்ணாடியில் உரசிப் போனது. மறுபடி வந்தது. உரசியது. போனது.

அடுத்த சுற்றில் போகவில்லை.

மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. துணியெல்லாம் சுற்றியது. அந்தக் கை மட்டும் கண்ணாடியில் ஒட்டி நின்றது. பொத்தான் கண்ணாடியைத் தட்டியது. டக். டக்.

அவன் பிளக்கைப் பிடுங்கினான்.

அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை வடித்துக் கதவைத் திறந்தபோது உள்ளே போர்வை மட்டும்தான் இருந்தது. அடியில் இரண்டு கைப்பிடி கடல் மணல். மூக்கருகே கொண்டுபோனான். சோப்பு வாசனை இல்லை. உப்பு வாசனை இல்லை. அவன்தான் இருந்தான். அவன் கழுத்து, அவன் அக்குள், அவன் பீடி. விடிவதற்குள் இன்னும் இரண்டு தடவை துவைத்தான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தான்.

மறுநாள் மூன்று மணிக்கு பிரகாசி போன் செய்தாள்.

"துவைச்சாச்சா தம்பி? பொழுதடையதுக்குள்ள கொண்டாந்திரு. நேத்து, போர்வை எங்கன்னு கேட்டாரு. அவன்கிட்டக் குடுத்துட்டியான்னு கேட்டாரு." மூச்சு வாங்கினாள். "நான் யாரன்னு சொல்லுவேன்? சொல்ல ஒருத்தன் இருந்தாத்தான சொல்ல? எனக்குத் தொண்டைய அமுக்குன மாதிரி இருக்குப்பா. பேச வரல."

அவள் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

பேச்சிராஜா விசிறிக் காற்றில் காயவைத்த போர்வையைச் சுருட்டி, பாலிதீனில் பொதிந்து ஸ்கூட்டரில் வைத்துக் கட்டினான். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். காறித் துப்பினால் துடைத்துக்கொள்ளலாம். திரேஸ்புரம் போகிற வழி முழுக்க ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். கரண்ட் போயிருந்தது. மேகம் இறங்கி ஐந்தரை மணிக்கே தெரு இருட்டிக் கிடந்தது. கரையேற்றிய வள்ளங்களின் மேல் மழை. காய்ந்த மீனும் நனைந்த கயிறும் சேர்ந்த நெடி.

ஒற்றை அறை வீடு. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சுவரில் மாதா படம். பிரகாசி கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்தாள். போர்வையை வாங்கிக் கட்டிலில் சுருக்கம் நீவி விரித்தாள்.

"வாடை போயிட்டா?" என்றாள்.

அவன் ஸ்கூட்டர் சாவியை விரலில் சுற்றினான்.

"இரி. மெழுகுவத்தி தீந்துட்டு. பக்கத்து வீட்ல வாங்கிட்டு வாரேன்."

அவள் போனாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். இருட்டு அறையின் மூலைகளிலிருந்து நடுவுக்கு வந்தது. முதலில் மாதா போனாள். பிறகு சுவர். பிறகு கட்டிலின் கால்கள். வாக்கியத்தை மனதுக்குள் ஒருமுறை சரிபார்த்தான். ஈரக்கால் தரையில் பதிகிற சத்தம். சேலை நனைந்திருக்கும், பாவம். கட்டில் கயிறு முனகியது. போர்வை நகர்கிற சத்தம். தொண்டைவலியில் படுத்துவிட்டாள் போலிருக்கிறது. மெழுகுவத்தி கிடைக்கவில்லை போல.

இருட்டு நல்லது என்று நினைத்தான். முகம் தெரியாமல் சொல்லிவிடலாம்.

"அக்கா" என்றான். "அது என் வாடைக்கா. நான் சட்டையெல்லாம் தெரியாமத் துவைச்சிட்டேன். வாசனை போயிட்டு. வெக்கமா இருந்துச்சு. நானே எல்லாத்தையும் போட்டு, வேர்க்க விட்டு, தச்சிக் குடுத்துட்டேன். வேற எவனும் உங்க வீட்டுக்கு வரலக்கா. நான்தான். நீங்க மொகத்த வச்சி அழுதது என் மேலதான். மன்னிச்சிருங்க."

சொல்லி முடித்ததும் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. கட்டிலில் நீளமாக ஒரு மூச்சு மட்டும் உள்ளே இழுபட்டது. இழுபட்டுக்கொண்டே இருந்தது. வெளியே விடவில்லை.

"தம்பி" என்றாள் பிரகாசி.

வாசலில்.

கையில் எரிகிற மெழுகுவத்தி. மறுகையால் காற்றுக்கு அணைத்துப் பிடித்திருந்தாள். அவள் அவனைப் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்த்தாள். பிறகு தன் கால்விரல்களைப் பார்த்தாள்.

"அவருகிட்டச் சொல்லிட்டியா" என்றாள் மெதுவாக.

கட்டிலில் போர்வை மேடாக இருந்தது. தோள். இடுப்பு. கால். விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. மூச்சு இழுபட்டபோது மெழுகுவத்திச் சுடர் கட்டில் பக்கமாகச் சாய்ந்தது. நின்றபோது நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது. மோப்பம்.

பேச்சிராஜா எழுந்திருக்கப் பார்த்தான். தன் வாடை தனக்கே அடித்தது. அறை முழுக்க.

போர்வையின் ஓரம் அசைந்தது. பேச்சிராஜா இருந்த, காய்ந்த பக்கம். மெல்ல மேலே எழும்பியது, ஒரு சாண், ஒரு முழம், உள்ளிருந்து யாரோ கையால் தூக்கிப் பிடித்ததுபோல. அந்த மேடு சுவரோரமாக நகர்ந்து ஒதுங்கியது.

ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு.