இரண்டாவது திரை

டிவியில் 'சிக்னல் இல்லை' என்று வந்தது. லேப்டாப்பில் 'இணைக்கப்பட்டது' என்று இருந்தது.

இரண்டில் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். முந்தாநாள்கூட ஒழுங்காக வேலை செய்ததுதான். அதே மேஜை, அதே ஒயர், அதே சுவர். இன்றைக்கென்று பார்த்து முரண்டு பிடிக்கிறது.

வெளிச்சம் பட்டால் படுக்கையில் கிடக்கும் புருஷனுக்குக் கண்ணில் நீர் வழியும் என்பதால் ஜன்னலில் கெட்டித் துணியாகத் திரை போட்டிருந்தாள். அதனால் பகல் மூன்றரை மணிக்கும் படுக்கையறைக்குள் பழுப்பாய் ஒரு மங்கல்தான். பவுடரும் தைலமும் கழுவிக் காயாத ரப்பர் விரிப்பும் கலந்த வாசனை சுவரிலேயே ஏறிப்போயிருந்தது. படுக்கைப்புண் வராமலிருக்கப் போட்ட காற்று மெத்தையின் கீழே சின்ன பம்ப் ஒன்று, இழுப்பதும் விடுவதுமாக, இரவு பகல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. எட்டு மாதமாகக் கேட்டுப் பழகியதில், அந்தச் சத்தம் நின்றால்தான் அவளுக்குத் திடுக்கென்று விழிப்பு வரும்.

முப்பத்துநாலு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனிதர். ஒயர் என்று பெயருள்ள எதையும் இந்த வீட்டில் அவள் தொட்டதில்லை, அவர் தொட விட்டதில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். கை போயிற்று, கால் போயிற்று, பேச்சு போயிற்று. கண் மட்டும் மிச்சம். அதுவும் மேலும் கீழும்தான் அசையும், பக்கவாட்டில் திரும்பாது, இனித் திரும்பவே திரும்பாது என்று டாக்டர் படம் போட்டே விளக்கிவிட்டார். ஒரு தடவை இமைத்தால் ஆமாம். இரண்டு தடவை இமைத்தால் இல்லை. புருஷன் பெண்டாட்டி பேச்சு அவ்வளவில் நடந்துகொண்டிருந்தது.

சின்ன திரையில் எது காட்டினாலும் அவருக்குப் புகையாய்த்தான் தெரியும். டிவி அளவுக்குப் பெரிதாக இருந்தால் முகம் பிடிபடும். அதனால்தான் இந்தப் பாடு. வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு, கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து, நேற்று குழந்தை பிறந்திருந்தது. நாலு மணிக்குக் குழந்தையைத் தாத்தாவுக்குக் காட்டுவதாகப் பேச்சு. பாட்டியாகிவிட்ட அவளும் இன்னும் பார்க்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்தே பார்க்கலாம் என்று, போட்டோகூட அனுப்ப வேண்டாம் என்று சொல்லியிருந்தாள்.

"அத்தை, ஒயரை ரெண்டு பக்கமும் உருவிட்டு மறுபடி சொருகிப் பாருங்க." கட்டிலில் கிடந்த போனிலிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது. அவர் மருத்துவமனை வராந்தாவில் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"மூணு தடவை சொருகியாச்சு மாப்பிள்ளை. இனிமே ஓட்டைதான் தேயணும்."

"டிவி ரிமோட்ல சோர்ஸ் மாத்திப் பாத்தீங்களா? ஒண்ணு, ரெண்டு, மூணு?"

"எல்லாத்துலயும் அதே 'சிக்னல் இல்லை'தான்."

அவள் ஒயரின் முனையைப் படுத்திருந்தவர் கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டினாள். "இதைத் தலைகீழா சொருகுறேனோ?"

இரண்டு இமைப்பு. இல்லை.

"அப்ப என் கைராசிதான் சரியில்லை."

ஒரு இமைப்பு. அவர் கண்ணோரம் சுருங்கியது. சிரிக்கிறார். எப்போதும் இருந்த குறும்பு அந்த ஓரத்தில் இன்னும் மிச்சமிருந்தது. அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

மாப்பிள்ளை சொன்னபடி செட்டிங்ஸைத் திறந்தாள். இரண்டு சாம்பல் நிறக் கட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் 1 என்றும் மற்றதில் 2 என்றும் எழுதியிருந்தது.

"ஒண்ணு லேப்டாப்பு, ரெண்டு டிவி. ரெண்டும் தெரியுதுன்னா கனெக்ட் ஆயிருக்குன்னு அர்த்தம் அத்தை. எதுக்கும் ஒயரை ஒருதடவை கழட்டுங்க. அந்த ரெண்டாம் நம்பர் மறைஞ்சிடும்."

கழற்றினாள். ஒயர் அவள் கையில் தொங்கியது.

2 மறையவில்லை.

டிவியின் பிளக்கையே சுவரிலிருந்து பிடுங்கினாள். 2 இருந்தது. லேப்டாப்பை அணைத்து, இரண்டு நிமிஷம் காத்திருந்து, மறுபடி போட்டாள். 2 இருந்தது.

"பழசை ஞாபகம் வச்சிருக்கும் அத்தை. சில சமயம் அப்படி ஆகும். அங்கே 'ஐடென்டிஃபை'ன்னு ஒரு பட்டன் இருக்கும். அமுக்குனா அந்தந்தத் திரையில அதுஅதோட நம்பர் பெருசா வரும். எது எதுன்னு தெரிஞ்சிடும்."

அழுத்தினாள். லேப்டாப் திரையின் மூலையில் பெரிய வெள்ளை 1 எழுந்தது. டிவி கன்னங்கரேலென்று இருந்தது.

படுக்கையில் அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

முகத்துக்கு நேரே யாரோ டார்ச் அடித்தால் மூடுவது மாதிரி. 1 மறைந்தது. அவர் கண் திறந்தது.

"என்னங்க?"

அவர் இமைக்கவே இல்லை. அவள் மறுபடி அழுத்தினாள். மறுபடியும் கண்கள் இறுகின. தற்செயல் என்று சொல்லிக்கொண்டாள். மூன்றாவது தடவை அழுத்த விரல் போகவில்லை.

மவுஸை நகர்த்தினாள். அம்புக்குறி வலது ஓரத்துக்குப் போய், ஓரத்தைத் தாண்டி, மறைந்தது. டிவி ஒழுங்காக இருந்திருந்தால் இந்நேரம் அங்கே வந்து நின்றிருக்கும். எங்கே போயிற்று என்று தேடுகிறவளாய் மவுஸை மெல்ல இன்னும் வலப்பக்கம் தள்ளினாள்.

அவர் கண்கள் வலப்பக்கம் நகர்ந்தன.

பம்ப் இழுத்தது, விட்டது. பக்கவாட்டில் திரும்பாது என்று சொன்ன கண்கள். எட்டு மாதமாகத் திரும்பாத கண்கள். மவுஸை இடப்பக்கம் இழுத்தாள். கண்கள் இடப்பக்கம் வந்தன. மேலே. மேலே. ஒரு வட்டம் போட்டாள். கருவிழிகள் இரண்டும் சேர்ந்தாற்போல் சுற்றின.

கையை உதறிக்கொண்டு எழுந்தாள். அவர் பார்வை விட்ட இடத்திலேயே, கூரையின் ஒரு மூலையில், குத்திட்டு நின்றது.

"மாப்பிள்ளை... இவரு கண்ணு... நான் மவுஸை நகத்துனா இவரு கண்ணு நகருது."

"மவுஸையே பாத்துட்டிருப்பாங்க அத்தை. கண்ணு பக்கத்துல திரும்புதா? நல்ல விஷயமாச்சே! டாக்டர்கிட்ட சொல்லணும்."

மவுஸ் அவர் தலைமாட்டுக்குப் பின்னால், மேஜையில் இருந்தது. அவரால் அதைப் பார்க்க முடியாது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவர் கன்னத்தைத் தொட்டாள். எப்போதும் குளிர்ந்திருக்கும் கன்னம் வெதுவெதுப்பாக இருந்தது. ரொம்ப நேரம் ஓடிய இயந்திரத்தின் மேல்மூடி சுடுவது மாதிரி, உள்ளிருந்து வரும் சூடு.

"உங்களுக்கு ஏதாவது தெரியுதா?"

ஒரு இமைப்பு.

"டிவியிலயா?"

இரண்டு.

"பின்ன எங்க? எங்கங்க தெரியுது?"

எங்கே என்பதற்கு இமையால் பதில் கிடையாது. அவர் கண்ணிலிருந்து ஒரு சொட்டு வழிந்து காதுக்குள் இறங்கியது. அவள் அதைப் புடவைத் தலைப்பால் ஒற்றினாள். அவளால் ஆனது அவ்வளவுதான்.

"வலிக்குதா?"

இமைகள் துடித்தன. மூடப் பார்த்தன. முடியவில்லை.

"நாலாயிடுச்சு அத்தை," என்றார் மாப்பிள்ளை. "நான் உள்ள போய் கால் போடச் சொல்றேன். எடுங்க. டிவியில வரலைன்னா பரவாயில்லை, இன்னைக்கு லேப்டாப்லயே காட்டிடுவோம்."

"வேண்டாம் மாப்பிள்ளை. இன்னைக்கு வேண்டாம். போடாதீங்க."

போன் கரகரத்தது. மாப்பிள்ளை நடந்துகொண்டிருந்தார், காதில் விழவில்லை.

வீடியோ காலின் மணி அடித்தது.

லேப்டாப்பிலிருந்து அல்ல. மெல்லிய, தாளம் தப்பாத அந்த அழைப்பு மணி, படுக்கையிலிருந்து வந்தது. மூடியிருந்த உதடுகளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

அவள் லேப்டாப்பைப் பார்த்தாள். திரையில் எதுவும் இல்லை. எடுக்கவும் பட்டன் இல்லை, வெட்டவும் பட்டன் இல்லை. எல்லாம் அம்புக்குறி போன அந்தப் பக்கம், அந்த 2-க்குள் போயிருந்தன. அவர் கண்கள் கூரை மூலையிலிருந்து கிளம்பி, வழுக்கிக்கொண்டு, கீழே ஓரிடத்தில் வந்து நின்றன.

யாரும் மவுஸைத் தொடவில்லை.

ஒரு இமைப்பு.

மணி நின்றது.

"ஆங், எடுத்துட்டீங்க!" போனில் மாப்பிள்ளை சிரித்தார். "நல்லாத் தெரியறீங்க அத்தை. ரொம்பக் கிட்டக்க உக்காந்திருக்கீங்க. லேப்டாப்பைத் தலகாணியிலயா வச்சிருக்கீங்க? கீழேருந்து தெரியுது. மாமாவைக் காணோமே, மாமாவைக் காட்டுங்க."

அவள் அவரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கீழிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா," என்றது அவர் வாய்.

மகளின் குரல். உதடு அசையவில்லை, தாடை மட்டும் கொஞ்சம் தளர்ந்து தொங்கியது. "அம்மா, ஏம்மா அழற? அப்பா எங்கம்மா? இதோ பாரு... யாரு வந்திருக்கான்னு பாரு. பாத்துக்கிட்டியா? அப்பா மூக்கு அப்படியே..."

அப்புறம் அவர் வாய் அகலத் திறந்தது. எட்டு மாதமாக ஸ்பூன் நுழைவதற்கே கெஞ்ச வேண்டியிருந்த வாய். உள்ளே நாக்கு சுருண்டு மேலே எழுந்தது. பிறந்து ஒரு நாளான குழந்தையின் அழுகை, கீச்சென்று, அறை முழுக்க எழுந்தது.

அவள் லேப்டாப்பைப் படாரென்று மூடினாள். பிளக்கைப் பிடுங்கினாள். அழுகை நிற்கவில்லை. இரண்டு கையாலும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடி, நிரம்பியிருந்த வாளிக்குள் அமுக்கினாள். முழங்கை வரை தண்ணீர். குமிழ்கள் வந்தன. நின்றன. அதன் விளிம்பில் இருந்த பொட்டு வெளிச்சம் அணைந்தது.

அறையில் அழுகை கேட்டுக்கொண்டே இருந்தது.

ஈரக் கையோடு திரும்பி வந்தாள். போனில் மாப்பிள்ளை இல்லை. மகள். அவளுடைய சொந்தக் குரலில், போனிலிருந்து.

"அம்மா, லைன் கட்டாயிடுச்சு. அம்மா, குழந்தைக்கு என்னமோ ஆயிடுச்சும்மா. வாயைத் தொறக்குது. முகமெல்லாம் செவந்துபோச்சு. அழுவுதும்மா, ஆனா சத்தமே வரலை. நர்ஸு முதுகுல தட்டுறாங்க. சத்தமே வரமாட்டேங்குது. அங்க என்னம்மா சத்தம்? அது யாரு அழறது?"

மகள் அதைக் கேட்கக் கூடாது. அந்த ஒன்றுதான் தோன்றியது. அவர் வாயின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். சூடு. பல் தட்டுப்படாமல் வெறும் ஈறு. உள்ளங்கைக்குள் முட்டும் மூச்சு. அழுகை அடங்கியது.

"அம்மா!" போன் அலறியது. "மூச்சு நின்னுடுச்சு! நீலமாவுது! டாக்டர்! டாக்டர்!"

கையை எடுத்தாள்.

அவர் வாய் இழுத்து ஒரு மூச்சு வாங்கியது. அழுகை மறுபடி பீறிட்டது.

"வந்துடுச்சு... மூச்சு வந்துடுச்சு..." மகள் விம்மினாள். "சத்தம்தான்மா இல்லை. வாயை மட்டும் தொறந்து தொறந்து..."

கட்டிலின் பக்கத்தில் அவள் நின்றாள். கை அந்தரத்திலேயே இருந்தது; விரல் நுனியிலிருந்து தண்ணீர் அவர் மார்பில் சொட்டியது. கீழே, நரைத்த தாடிக்கு நடுவே, திறந்த அந்த வாய் பசியில் பால் தேடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியது.