வினைமுற்று

செவ்வாய்க்குப் போகிறவர்கள் அழுவதற்கு ஆறு நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். தேரிக்காட்டு விண்துறையின் வழியனுப்பு மண்டபத்தில் மஞ்சள் விளக்கு எரியும்போது அழலாம், கட்டிக்கொள்ளலாம். பச்சை எரிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாயிற்கோட்டருகே வரிசையில் நிற்க வேண்டும். அங்கே போனவருக்கு எலும்பு நொய்ந்துவிடும். பூமியின் எடையை அது பிறகு தாங்காது. ஆகவே போனவர் போனவர்தாம். ஆயினும் ஆறு நிமிடம் போதவில்லை என்று எவரும் முறையிட்டதில்லை.

உலகம்மாள் அழவில்லை. மகள் இளவெயினியின் பயண ஆணையை வாங்கிப் பார்த்து முகம் சுளித்தார்.

"'செவ்வாய் குடியிருப்பு'ன்னு போட்டிருக்கான். நடுவுல 'க்' எங்கே?"

"க் இல்லேன்னா ராக்கெட் கெளம்பாதாம்மா?"

"கெளம்பும். எங்கே போய்ச் சேரும்னுதான் தெரியாது."

இளவெயினி சிரித்தாள். அவளுக்கு முப்பத்து நான்கு வயது. முப்பத்தைந்துக்கு மேல் எடுப்பதில்லை. அடுத்த கலம் இருபத்தாறு மாதம் கழித்துத்தான். செவ்வாய் மண்ணில் வரகு விளைவிக்க ஏழாண்டுகள் படித்தவள். இந்தக் கலத்தில் ஏறாவிட்டால் அந்தப் படிப்பு அத்தனையும் வீண்.

வாயிலில் அன்றுதான் முதன்முறையாகச் சொல்லேற்பி எந்திரத்தை வைத்திருந்தார்கள். கையெழுத்தும் பத்திரமும் ஒழிந்து வெகுகாலம் ஆயிற்று. சொன்னவர் யார் என்பதற்கு, ஒவ்வொருவர் நாவின் அடியிலும் பதித்த நாச்சில்லு சான்று. சொன்னதன் பொருள் என்ன என்பதற்குச் சொல்லேற்பி சான்று. கோட்டில் நின்று தம் முடிவை ஒரு வினைமுற்றால் சொல்ல வேண்டும். சொன்னதைத் திரும்பப் பெற இயலாது.

அந்த விதியை எழுதியவர் உலகம்மாளே. மக்கள் வழக்கில் வேறு பொருள் தரும் தொடர்களுக்கு ஒரு பட்டியல் சேர்க்கலாம் என்று விதி வகுத்த எழுவர் குழுவில் அறுவர் வேண்டினர். 'பார்க்கலாம்' என்று சொல்லி மறுக்கிறவர்களையும், கட்டிலில் படுத்தபடியே 'இதோ வந்துட்டேன்' என்கிறவர்களையும் நினைத்தால் உலகம்மாளுக்குப் பற்றியெரியும். "வழக்கு என்பது சோம்பலின் செல்லப்பெயர். சொன்னதே பொருள்" என்று அவர் அடித்துச் சொன்னார். அறுவரும் விட்டுக்கொடுத்தனர். நில விற்பனையிலும் திருமணப் பதிவிலும் சொல்லேற்பி மூன்றாண்டுகள் ஒரு பிசகும் செய்யவில்லை.

பச்சை விளக்கு எரிந்தது. வரிசையில் முதலில் நின்றவர் உடன்குடிச் சங்கரபாண்டி, ஆழ்துளை போடுகிறவர். கோட்டில் நின்று, இந்தக் கலத்தில் இடம் கிடைக்காத மனைவியையும் சுற்றத்தையும் திரும்பிப் பார்த்துக் கைகூப்பினார்.

"எல்லாரும் சொகமா இருங்க. போயிட்டு வாரேன்."

"வாக்கியம் 'வருகிறேன்' என முடிந்தது" என்றது சொல்லேற்பி. "திரும்பும் எண்ணம் உடையவருக்குக் கலத்தில் இடமில்லை. விலகுக. காலி இருக்கை ஒன்று. மண்டபத்தில் விரும்பும் எவரும் வயது வரம்பின்றிப் பெறலாம்."

"ஏம்ய்யா, செத்தாலும் நான் திரும்பி வரப்போறதில்ல. சும்மா சொல்லுததுதான?"

"'சும்மா' என்பதற்கு விதியில் பொருள் தரப்படவில்லை."

சங்கரபாண்டியை ஒதுக்கி நிறுத்தினார்கள். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அவ்வாறே ஒதுக்கப்பட்டனர். அறிந்து எச்சரிக்கையாக வந்தவர்களுக்கும் நா எழவில்லை. ஒருத்தி "போ..." என்று தொடங்கியதும் அவள் மாமியார் பாய்ந்து வாயைப் பொத்தினாள்.

"வீட்ட விட்டுக் கெளம்பையில சொல்லுத சொல்லாடி அது? வாயக் கழுவு."

காலி இருக்கை பன்னிரண்டு ஆயிற்று.

"எந்த மகராசி எழுதின சட்டமோ. அவ வீட்டுல ஆளுக கெளம்பையில என்னத்தச் சொல்லுமோ" என்றாள் சங்கரபாண்டியின் மனைவி.

உலகம்மாளுக்குச் சினம் மூக்கின் நுனிவரை வந்தது. மூன்று வாரத்துக்கு முன்பே அறிவித்தாயிற்று. ஒரு வினைமுற்றைத் தனியே சொல்லத் தெரியாதவர்களா வேறொரு கோளை ஆளப்போகிறார்கள்?

இளவெயினி கோட்டில் நின்றாள். திரும்பினாள்.

"அம்மா, நானும் போயிட்டு..."

நிறுத்தினாள். இன்னும் ஒரே சொல். அதை மகள் முடித்துவிட்டால் இந்தப் பூமியிலேயே இருப்பாள். ஞாயிறுதோறும் வீட்டுக்கு வருவாள். முடிக்கட்டுமே என்று உலகம்மாளின் நெஞ்சு கெஞ்சியது. அது கெஞ்சியதற்கு வெட்கி அவர் குரலைக் கடுமையாக்கினார்.

"தனி வினைமுற்று, வெயினி. ஒரே சொல்."

"நீ காதப் பொத்திக்கோம்மா."

உலகம்மாள் பொத்தவில்லை.

"போகிறேன்."

"ஏற்கப்பட்டது."

அந்தச் சொல்லில் ஓர் எழுத்தும் பிழையில்லை. இப்படி ஒரு சொல்லை மகள் வாயிலிருந்து பிடுங்கவா அத்தனை பேரோடு வாதாடினோம்? விறுவிறுவென்று போய்க் கோட்டின்மேலேயே நின்றார்.

"இது என்ன நியாயம்? பன்னிரண்டு குடும்பத்தை நட்டாற்றில் நிறுத்துகிறாய். அவர்கள் மனத்தில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டாமா?"

"விதி ஒன்று: சொன்னதே பொருள். இயற்றியவர் உலகம்மாள்" என்றது சொல்லேற்பி, மண்டபம் முழுவதும் கேட்கும்படி.

அத்தனை தலைகளும் திரும்பின. அது வசவைவிடக் கொடுமையாக இருந்தது.

"விடமாட்டேன்" என்றார் உலகம்மாள். "இந்த நிமிடமே குழுவைக் கூட்டி அந்தப் பட்டியலைச் சேர்த்துவிட்டுத்தான் மறுவேலை." அலுவலகத்துக்கு ஓட வேண்டிய அவசரத்தில் கோட்டுக்கு அப்பால் நின்ற மகளைப் பார்த்தார். "அப்போ நான் வாரேன், வெயினி."

"'வருகிறேன்'" என்றது சொல்லேற்பி. "பயணியை நோக்கிச் சொன்னமையால், அவரோடு வரும் விருப்பம் அறியப்பட்டது. முதலாம் காலி இருக்கை உங்களுடையது. வினைமுற்றால் உறுதி செய்க."

"அம்மா, பேசாதே" என்று இளவெயினி பதறினாள்.

பேசாதிருப்பதா? பிழையான பொருளைக் கேட்டுக்கொண்டு உலகம்மாள் ஒருநாளும் பேசாமல் இருந்ததில்லை. இந்தத் தகரத்துக்கு எழுத்தெழுத்தாகப் பிரித்துச் சொன்னால்தான் புரியும் என்று நிமிர்ந்து நின்றார்.

"நான் வரவில்லை. போகிறேன்."

எங்கே என்று சொல்லவில்லை. 'அலுவலகத்துக்கு' என்னும் ஒரு நான்காம் வேற்றுமை அவரைக் காப்பாற்றியிருக்கும்.

"'வரவில்லை': திரும்பும் எண்ணம் இல்லை. 'போகிறேன்': ஏற்கப்பட்டது" என்றது சொல்லேற்பி. தரை மெல்ல நகர்ந்து அவரை மகளின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. பின்னால் கண்ணாடிக் கதவு மூடத் தொடங்கியது.

சங்கரபாண்டியின் மனைவி அறியாமலே இரு கைகளையும் கூப்பினாள்.

"நல்லபடியா போயிட்டு வாங்கக்கா" என்றாள்.